தளத்தை மூடிவிட்டால் கோப்பும் போய்விடுமா?

கேள்வி இதுதான்: ஒரு இணையதளத்தை மூடினாலோ தடை செய்தாலோ அதிலிருந்த கோப்புகள் பியர் டு பியர் (நடுவில் சர்வர் இல்லாமல் கணினிக்குக் கணினி நேராகப் பகிர்வது) வழியாக உண்மையிலேயே பிழைத்திருக்குமா, "இதை யாராலும் அழிக்க முடியாது" என்கிறார்களே அதை எவ்வளவு தூரம் நம்பலாம், எல்லாமே கிளவுடில் கிடைக்கிற காலத்தில் டொரண்டுக்கு, அதாவது அப்படிப் பகிரும் முறைகளில் பெயர்பெற்ற ஒன்றுக்கு, இன்னும் என்ன வேலை?

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். தளம் போனாலும் கோப்பு பிழைக்கும், ஆனால் அதை வைத்திருக்கிற ஒருவராவது கணினியை ஓடவிட்டு இணைப்பில் இருக்கும்வரைதான். மையம் இல்லாத வலையமைப்பு, கோப்பு யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடித்துத் தரும், கைக்கு வந்தது அசல்தானா என்று சரிபார்த்துத் தரும். வைத்துக் காப்பாற்றுவது அதன் வேலை இல்லை, அதை மனிதர்கள்தான் செய்தாக வேண்டும். இது புரியாமல் "டொரண்டில் போட்டாச்சு, இனி கவலை இல்லை" என்று அசல் பிரதியை அழித்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே பதறுகிறது.

இது இப்போதைய வடிவத்துக்கு வந்த கதையைப் பார்த்தாலே பாதி விளங்கிவிடும். 1999 ஜூனில் ஷான் ஃபேனிங்கின் நாப்ஸ்டர் வந்தபோது பாட்டுக் கோப்புகள் எல்லாம் பயன்படுத்துகிறவர்களின் கணினியில்தான் இருந்தன, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு நேராகத்தான் போயின. எந்தப் பாட்டு யாரிடம் என்கிற பட்டியல் மட்டும் நிறுவனத்தின் சர்வரில் இருந்தது. வழக்குப் போட்டவர்களுக்கு அந்த ஒரு பிடி போதும். இசை நிறுவனங்கள் நீதிமன்றம் போய், 2001 ஜூலையில் சேவை நின்றுபோனது. கோப்புகள் அவரவர் ஹார்ட் டிஸ்க்கில் அப்படியேதான் இருந்தன, தேடுவதற்கான வழிதான் போய்விட்டது.

அதற்கு முன்பே, 2000 மார்ச்சில், பட்டியலே இல்லாத ஒரு முயற்சி வந்திருந்தது. வின்ஆம்ப் என்ற பாட்டு ப்ளேயரைச் செய்த நல்சாஃப்ட் நிறுவனத்தைச் சேர்ந்த ஜஸ்டின் ஃபிராங்கலும் டாம் பெப்பரும் நுடெல்லா என்ற நிரலை வெளியிட்டார்கள். நல்சாஃப்ட் அப்போது ஏஓஎல் என்ற பெரிய இணைய நிறுவனத்தின் கையில் இருந்தது, அவர்கள் மறுநாளே அதை எடுக்க வைத்துவிட்டார்கள். அதற்குள் போதுமான பேர் இறக்கிக்கொண்டுவிட்டார்கள், அது எப்படி வேலை செய்கிறது என்று பிரித்துப் பார்த்து, அதே மொழி பேசும் வேறு நிரல்களை எழுதிவிட்டார்கள். அதில் யாரையும் மையம் என்று காட்ட முடியாது: நீங்கள் பக்கத்துக் கணினிகளைக் கேட்பீர்கள், அவை தங்கள் பக்கத்தைக் கேட்கும், அப்படியே பரவும். ஆள் கூடக் கூட வலையமைப்பு முழுக்க வெறும் கேள்விகளாலேயே அடைத்துக்கொண்டது. இன்னொரு சிக்கல் அதைவிடப் பெரியது. ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தின் ஈட்டன் அடாரும் பெர்னார்டோ ஹூபர்மனும் 2000-ல் நுடெல்லாவை அளந்து பார்த்தபோது கிட்டத்தட்ட 70 சதவீதம் பேர் எதையுமே பகிரவில்லை, வந்த பதில்களில் பாதியளவு பகிர்பவர்களில் முதல் 1 சதவீதத்தினரிடமிருந்து மட்டும் வந்தது. மையமே இல்லை என்று சொல்லிக்கொண்ட வலையமைப்பு, நடைமுறையில் ஒரு சிலரின் தோளில் நின்றது.

பிராம் கோஹன் 2001-ல் வெளியிட்ட, டொரண்ட் என்று நாம் சொல்கிற பிட்டொரண்ட் இந்த இரண்டு பிரச்சினைகளையும் பார்த்த விதம் எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். தேடுவதை அவர் அப்படியே விட்டுவிட்டார். ஒரு பெரிய கோப்பை நிறைய பேருக்கு, வாங்குகிறவர்களையே கொடுக்க வைத்து, வேகமாகக் கொண்டுசேர்ப்பது மட்டும்தான் அவர் எடுத்துக்கொண்ட வேலை.

அது உள்ளே எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம், ஏனென்றால் "அழிக்க முடியாது" என்ற பேச்சில் எது உண்மை எது மிகை என்பது அங்கேதான் தெரியும். ஒரு மேக்னெட் லிங்க்கை (டொரண்டைத் தொடங்கி வைக்கும் இணைப்பு) எடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். அதில் எண்களும் ஏ முதல் எஃப் வரையான ஆங்கில எழுத்துகளும் கலந்து பெரும்பாலும் 40 எழுத்து நீளத்தில் ஒரு கோவை இருக்கும். அதுதான் இன்ஃபோஹேஷ். எந்த சர்வரில், எந்த ஃபோல்டரில் கோப்பு இருக்கிறது என்று அது சொல்வதில்லை. கோப்பு என்ன என்பதை மட்டும் சொல்கிறது. கோப்பின் பெயர், அளவு, கோப்பைப் பிரித்த ஒவ்வொரு துண்டின் கைரேகை (ஹேஷ் எனப்படும், உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட எண்) எல்லாம் சேர்ந்த ஒரு சிறு விவரத் தொகுப்பு இருக்கிறது, அந்தத் தொகுப்பைக் கணக்கிட்டால் வரும் ஷா-1 (ஒரு ஹேஷ் முறை) மதிப்புதான் அந்த 40 எழுத்து.

லிங்க்கை கிளிக் செய்ததும் உங்கள் நிரல் அந்த எண்ணை வைத்துக்கொண்டு டிஎச்டி எனப்படும் பகிர்ந்த அட்டவணையில் விசாரிக்கத் தொடங்கும். இது 2002-ல் பேதார் மேமௌன்கோவும் டேவிட் மேசியர்ஸும் வெளியிட்ட கடெம்லியா என்ற வடிவமைப்பிலிருந்து வந்தது. ஒவ்வொரு கணினிக்கும் 160 பிட் நீளமுள்ள ஓர் அடையாள எண், இன்ஃபோஹேஷும் அதே 160 பிட். இரண்டு எண்களை எக்ஸ்ஓஆர் (பிட் பிட்டாக ஒப்பிட்டு எங்கே வேறுபடுகிறது என்று பார்க்கும் கணக்கு) செய்து வருவதை "தூரம்" என்று வைத்துக்கொள்கிறார்கள், ஒரு இன்ஃபோஹேஷுக்கு எண்ணளவில் பக்கத்தில் இருக்கிற கணினிகள் அந்த டொரண்டை யார் யார் வைத்திருக்கிறார்கள் என்ற சிறு குறிப்பை வைத்திருக்கும். நீங்கள் யாரைக் கேட்டாலும் ஒன்று பதில் வரும், இல்லையென்றால் "என்னைவிடப் பக்கத்தில் இருப்பவர்கள் இவர்கள்" என்று சில முகவரிகள் வரும். ஒவ்வொரு படியிலும் தேட வேண்டிய இடம் சுருங்கிக்கொண்டே போவதால் சில படிகளிலேயே வேலை முடிந்துவிடும். 2013-ல் வந்த ஓர் ஆய்வு, பிட்டொரண்டின் டிஎச்டியில் ஒரே நேரத்தில் ஒன்றரைக் கோடிப் பேரிலிருந்து இரண்டரைக் கோடிப் பேருக்கும் மேல் வரை இருப்பதாக அளந்தது. இத்தனை பேர் இருந்தும் முழுப் பட்டியல் யாரிடமும் கிடையாது. நாப்ஸ்டரைப் பிடித்த பிடி இங்கே இல்லை. ட்ராக்கரை, அதாவது டொரண்டை யார் யார் வைத்திருக்கிறார்கள் என்று சொல்லும் சர்வரை, மூடினாலும், லிங்க் போட்ட தளத்தை மூடினாலும், அந்த 40 எழுத்து யாரிடமாவது இருந்தால் தேடல் நடக்கும்.

ஆட்களைக் கண்டுபிடித்ததும் நிரல் முதலில் அந்த விவரத் தொகுப்பைத்தான் கேட்டு வாங்கும். யாரோ முன்பின் தெரியாதவர் அனுப்பியதுதான், ஆனால் அதன் ஷா-1 மதிப்பு கையில் இருக்கும் 40 எழுத்தோடு பொருந்தவில்லை என்றால் தூக்கிப் போட்டுவிடும். பொருந்தினால் உள்ளே ஒவ்வொரு துண்டின் கைரேகையும் கிடைத்துவிடுகிறது, பிறகு வரும் ஒவ்வொரு துண்டையும் அதோடு ஒப்பிட்டே ஏற்கும். அனுப்புகிறவரை நம்ப வேண்டிய அவசியமே இல்லை, அந்த ஒரு கோவை சரியான இடத்திலிருந்து வந்ததா என்று மட்டும் பார்த்தால் போதும். தகவல் கிடைப்பதைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் தடையைப் பற்றியே பேசுகிறார்கள், கிடைத்தது திருத்தப்படாதது என்று எப்படித் தெரியும் என்பதைக் கேட்பதில்லை. என்னைப் பொறுத்தவரை இந்த முறையின் பெரிய கொடையே அதுதான். (ஷா-1 பழையதாகிவிட்டது. ஒரே மதிப்பு தரும் இரண்டு வேறு கோப்புகளை 2017-ல் உருவாக்கியே காட்டிவிட்டார்கள். பிட்டொரண்டின் இரண்டாம் பதிப்பு அதனால் ஷா-256க்கு மாறியது. புதிதாக உருவாக்குகிறவர்கள் இரண்டையும் சேர்த்த கலப்பு வகையைத் தேர்ந்தெடுப்பது நல்லது.)

அடுத்தது, துண்டுகள் எந்த வரிசையில் வருகின்றன என்பது. 4 ஜிபி கோப்பு ஒன்று 2 எம்பி துண்டுகளாக இருந்தால் மொத்தம் 2048 துண்டு. நிரல் ஒன்றாவதிலிருந்து வரிசையாக எடுக்காது, சுற்றியிருப்பவர்களிடம் எது மிகக் குறைவாக இருக்கிறதோ அதை முதலில் எடுக்கும். இதனால் அரிதான துண்டு அரிதாகவே இருந்துவிடாது. முழுப் பிரதி வைத்திருந்த ஒரே ஆள் பாதியில் போய்விட்டாலும், 20 பேர் ஆளுக்கு 60 சதவீதம் வைத்திருந்தால் பெரும்பாலும் எல்லாத் துண்டும் அவர்களுக்குள் எங்காவது இருக்கும், அவர்களே மாற்றி மாற்றிக் கொடுத்து எல்லாரும் முடித்துவிடுவார்கள். தனியாக யாரிடமும் முழுசாக இல்லாத ஒன்று கூட்டமாக முழுசாக இருக்கிறது! கொடுக்காமல் எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்கும் இங்கே ஒரு மருந்து உண்டு: தனக்கு அதிகம் தருபவர்களுக்கே நிரல் அதிகம் தரும், 10 விநாடிக்கு ஒருமுறை அதை மறுபரிசீலனை செய்யும். கூடவே 30 விநாடிக்கு ஒருமுறை ஏதோ ஓர் ஆளுக்குக் கணக்குப் பார்க்காமல் கொடுத்துப் பார்க்கும், கையில் ஒன்றுமே இல்லாமல் புதிதாக வருகிறவர் அப்படித்தான் தொடங்க முடிகிறது.

சரி, இத்தனை இருந்தும் ஏன் டொரண்டுகள் செத்துப்போகின்றன? டவுன்லோட் முடிந்ததும் கொடுப்பதற்கு எந்தக் கட்டாயமும் இல்லை, அதனால்தான். எடுக்கும் நேரத்தில் நேர்மையாக நடக்க வைக்கும் விதிகள் இருக்கின்றன, முடிந்த பிறகு இருக்க வைக்கும் விதி எதுவும் இல்லை. 99.6 சதவீதத்தில் நாற்பது பேர் வாரக்கணக்கில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், அத்தனை பேருக்கும் இல்லாதது ஒரே அந்தச் சில துண்டுகள்தான். க்யூபிட்டொரண்ட் போன்ற நிரல்களில் "கிடைக்கும் அளவு" என்று ஓர் எண் காட்டும். அது 1க்குக் கீழே இருந்தால் கண்ணுக்குத் தெரிகிற கூட்டத்தில் முழுப் பிரதி இல்லை என்று அர்த்தம், வேகம் எவ்வளவு இருந்தாலும் முடியாது. டிஎச்டியிலும் நிரந்தரம் எதுவும் இல்லை, வைத்திருப்பவர்கள் அவ்வப்போது "நான் இருக்கிறேன்" என்று புதுப்பிக்காவிட்டால் குறிப்பு காலாவதியாகிவிடும்.

ஐபிஎஃப்எஸ் என்பது டொரண்ட் போலவே மையமில்லாமல் கோப்பு பகிரும் இன்னொரு வலையமைப்பு. அதைப் பற்றியும் இதே கதையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "ஐபிஎஃப்எஸ்ஸில் போட்டால் என்றென்றைக்கும் இருக்கும்" என்ற நம்பிக்கை வேகமாகப் பரவியிருக்கிறது. அங்கேயும் முகவரி என்பது உள்ளடக்கத்தின் ஹேஷ்தான், இடம் அல்ல. நீங்கள் சேர்த்த கோப்பு உங்கள் கணினியில் மட்டும்தான் இருக்கும், வேறு யாராவது கேட்டு எடுத்தால் அவர்கள் கணினியில் சிறிது காலம் தங்கும். "பின்" செய்து (நிரந்தரமாக வை என்று குறித்து) வைக்காத எதையும் இடம் போதாதபோது நிரல் துடைத்துவிடக்கூடும். இன்னொன்று, நிறைய பேர் ஐபிஎஃப்எஸ் நிரலே இல்லாமல் பிரவுசரில் ஏதோ ஒரு பொது கேட்வே (ஐபிஎஃப்எஸ் கோப்பை எடுத்து பிரவுசருக்குத் தரும் இடைத்தளம்) வழியாகத்தான் திறக்கிறார்கள். அந்த கேட்வே சாதாரண சர்வர்தானே, அதைத் தடை செய்வது எளிது, அதன் பதிவேட்டில் யார் எதைப் படித்தார்கள் என்பதும் இருக்கும்.

ஆனாலும் இது உண்மையிலேயே கைகொடுத்த நேரங்கள் உண்டு. 2017 ஏப்ரலில் துருக்கி அரசு விக்கிப்பீடியாவை முழுசாகத் தடை செய்தது, நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் அது கருத்துரிமையை மீறுகிறது என்று தீர்ப்பளித்த பிறகு 2020 ஜனவரியில்தான் திறந்தார்கள். தடை வந்த சில நாட்களிலேயே துருக்கி மொழி விக்கிப்பீடியாவின் ஒரு பிரதியை ஐபிஎஃப்எஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். நல்ல காரியம், ஆனால் அது ஒரு நாளின் உறைந்த பிரதி. படிக்கலாம், திருத்த முடியாது, நேற்று நடந்தது அதில் இருக்காது. விக்கிப்பீடியா மாதிரியான ஒன்றுக்கு உயிரே திருத்துகிறவர்கள்தான், பிரதி எடுத்து அதைக் காப்பாற்றிவிட முடியாது. ஆகவே தடைக்கு எதிராக டொரண்டும் ஐபிஎஃப்எஸ்ஸும் இருக்கின்றன என்று சொல்லி நீதிமன்றத்தில் நடக்க வேண்டிய சண்டையை யாரும் விட்டுவிடக் கூடாது என்பது என் கருத்து, துருக்கியில் கதவைத் திறந்தது தீர்ப்புதான்.

இதைவிட எனக்கு நெருக்கமான உதாரணம் ஜியோசிட்டீஸ். தொண்ணூறுகளில் சாதாரண மக்கள் தாங்களே கட்டிய லட்சக்கணக்கான தனிப் பக்கங்கள் இருந்த இடம் அது. யாஹூ 2009 அக்டோபரில் அதை மூடியது. மூடுவதற்குள் ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வக் குழு முடிந்தவரை இறக்கி, ஒரு வருடம் கழித்து சுமார் 640 ஜிபி டொரண்டாக வெளியிட்டது. அன்றைய நிலையில் அவ்வளவு பெரிய ஒன்றை ஒரே சர்வரிலிருந்து கேட்கிறவர்களுக்கெல்லாம் கொடுப்பது ஒரு தன்னார்வக் குழுவால் ஆகிற காரியம் இல்லை. இங்கே தணிக்கை இல்லை, எதிரி இல்லை, ஒரு நிறுவனத்துக்கு அதில் லாபம் இல்லை, அவ்வளவுதான். இணையத்திலிருந்து காணாமல் போவதில் பெரும்பங்கு இப்படிச் சத்தமில்லாமல்தான் போகிறது என்று நினைக்கிறேன், கிளவுட் இருக்கும்போது இது எதற்கு என்ற கேள்விக்கும் இதுவே என் பதில். கிளவுடில் இருப்பது இன்னொருவரின் முடிவில் இருக்கிறது. நல்லெண்ணம் உள்ள இடத்துக்கும் ஆபத்து வரும்: 2024 அக்டோபரில் தாக்குதலுக்கு உள்ளாகி இண்டர்நெட் ஆர்க்கைவே பல நாள் செயல்படாமல் கிடந்தது. அவர்கள் 2012 முதலே தங்கள் சேகரிப்புக்கு டொரண்ட் தருகிறார்கள், ஆனால் அந்த டொரண்டை வேறு யாரும் சீட் செய்யவில்லை (முழுப் பிரதியை வைத்துக்கொண்டு மற்றவர்களுக்குக் கொடுக்கவில்லை) என்றால் ஆர்க்கைவ் நின்ற அன்று அதுவும் நின்றுதான் போகும்.

தனியுரிமையைப் பற்றி நிறைய பேர் தப்பாக நினைத்திருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். டொரண்ட் உங்களை மறைக்காது. கூட்டத்தில் இருக்கும் எல்லாருக்கும் உங்கள் ஐபி முகவரி தெரியும், வேண்டுமென்றே நுழைந்து பட்டியல் எடுக்கிறவர்களுக்கும் தெரியும். டார் (முகவரியை மறைத்து இணையத்தைப் பயன்படுத்த உதவும் வலையமைப்பு) வழியாக டொரண்ட் ஓட்டினால் சரியாகிவிடும் என்பதும் தவறு, நிரல் வேறு வழிகளில் உண்மையான முகவரியைச் சொல்லிவிடக்கூடும் என்று டார் திட்டத்தினரே 2010-ல் எழுதி எச்சரித்தார்கள். ஒரு ஆவணத்தை வைத்திருப்பதே ஒருவருக்கு ஆபத்து என்றால் அவருக்கு டொரண்ட் லிங்க் அனுப்பாதீர்கள். அந்த மாதிரி இடங்களில் கிவிக்ஸ் போன்ற ஏற்பாடு, அதாவது முழு விக்கிப்பீடியாவையும் ஒரே கோப்பாக மெமரி கார்டில் வைத்து இணையமே இல்லாமல் படிப்பது, எவ்வளவோ மேல். ஆங்கில விக்கிப்பீடியா படங்களோடு சேர்த்து 100 ஜிபியைச் சுற்றித்தான் வரும், கையிலிருந்து கைக்குப் போவதை எந்தப் பதிவேடும் எழுதி வைப்பதில்லை.

சட்டம்: தொழில்நுட்பம் குற்றம் இல்லை, டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் வெளியீடுகள் அதிகாரப்பூர்வமாகவே டொரண்டில் வருகின்றன. பதிப்புரிமை உள்ளதை உரிமையாளரின் அனுமதியின்றிப் பகிர்வது வேறு விஷயம், இங்கே எடுக்கும்போதே மற்றவர்களுக்குக் கொடுத்துக்கொண்டும் இருக்கிறீர்கள் என்பதால் பல நாடுகளில் அது விநியோகமாகவே பார்க்கப்படும்.

உங்களிடமே பகிர்வதற்கு உரிமையுள்ள, காப்பாற்ற வேண்டிய தொகுப்பு ஏதாவது இருந்தால், டொரண்டாக்குவதற்கு முன்னால் கோப்புப் பெயர்களையெல்லாம் ஒழுங்காக முடிவு செய்துவிடுங்கள். ஒரு பைட் மாறினாலும் இன்ஃபோஹேஷ் மாறிவிடும், பழைய கூட்டமும் புதிய கூட்டமும் ஒன்றையொன்று அறியாது. இது என்ன, எங்கிருந்து வந்தது, என்ன உரிமத்தில் பகிரலாம் என்று ஒரு சின்ன உரைக் கோப்பு உள்ளேயே வையுங்கள், பத்து வருடம் கழித்துத் திறக்கிறவருக்கு அது மட்டும்தான் துணை. எல்லாவற்றையும் ஒரே ஜிப்பாகக் கட்ட வேண்டாம், ஒரே ஒரு கோப்பு வேண்டும் என்கிறவர் அதை மட்டும் எடுக்கட்டும். குறைந்தது இரண்டு வேறு இணைப்புகளிலிருந்து சீட் செய்யுங்கள், அதில் ஒன்றிலாவது ரூட்டரில் போர்ட் (வெளியிலிருந்து இணைப்பு வரும் வாசல்) திறந்திருக்கட்டும், இரண்டு பக்கமும் நாட் (NAT, ஒரே பொது முகவரியைப் பல கணினிகள் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு) என்பதற்குப் பின்னால் இருந்தால் ஒருவரையொருவர் பார்த்தும் இணைய முடியாமல் போவது ரொம்ப சகஜம். அப்புறம் அந்த 40 எழுத்தைப் பல இடங்களில் எழுதி வையுங்கள், காகிதத்திலும்கூட. டிஎச்டியில் பெயர் சொல்லித் தேட முடியாது, எண் தொலைந்தால் கோப்பு இருந்தும் இல்லாத மாதிரிதான்.

தொகுப்பு எதுவும் இல்லை, ஆனால் உதவ வேண்டும் என்று தோன்றினால் ஆயிரம் பேர் சீட் செய்யும் புது லினக்ஸ் வெளியீட்டில் போய்ச் சேர வேண்டாம், அங்கே நீங்கள் இல்லாவிட்டாலும் ஒன்றும் ஆகாது. 2013 முதல் ஆய்வுத் தரவுகளைப் பகிர்ந்துவரும் அகடமிக் டொரண்ட்ஸிலோ இண்டர்நெட் ஆர்க்கைவிலோ, திறந்த உரிமத்தில் உள்ள, சீட் செய்பவர் ஒன்றோ இரண்டோ மட்டும் என்று காட்டும் சின்ன டொரண்டுகளாகப் பார்த்து எடுங்கள். அப்லோட் வேகத்துக்கு உங்கள் இணைப்பு தாங்குகிற அளவில் ஓர் எல்லை வைத்துவிட்டு, முடிந்ததும் நிறுத்திவிடாமல் ஓடவிடுங்கள்.